தேயிலை முடியும் இடத்தில் ஒரு மருத்துவ முகாம்

கேமரன் மலை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், குளிர், பிறகு தேயிலைச் சரிவில் நின்று எடுத்துக்கொண்ட ஒரு படம். அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். பச்சை வரிசைகளுக்குப் பின்னால் கருநீல மலைகள் அடுக்கடுக்காகத் தெரியும். பார்த்தால் வெறும் காடு. ஆனால் அந்த மடிப்புகளுக்குள் ஊர்கள் இருக்கின்றன. போஸ் லெமோய், போஸ் மென்சோன், போஸ் தெலானோக் என்று அவற்றுக்குப் பெயர்களும் இருக்கின்றன. அங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் செமாய் இனத்து ஓராங் அஸ்லி மக்கள். வடக்கே கிளந்தான் எல்லையை நெருங்கினால் தெமியார் மக்கள்.

மூன்று வாரங்களுக்கு முன்பு, எங்கள் பல்கலைக்கழகத் தன்னார்வலர் குழுவுடன் அப்படிப்பட்ட ஒரு செமாய் கிராமத்துக்கு மருத்துவ முகாமுக்குப் போயிருந்தேன். நான் உயிர்மருத்துவ அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கிராமத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. சின்ன ஊர் அது. ‘ரத்த அழுத்தம் உள்ள பாட்டி’ என்று எழுதினாலே அது யார் என்று பக்கத்துக் கிராமம் வரை தெரிந்துவிடும்.

திரும்பி வந்த மறுவாரமே எங்கள் குழுவில் ஒரு வாக்குவாதம் கிளம்பியது. அடுத்த முகாமை வேறொரு கிராமத்தில் நடத்துவதா, இதே கிராமத்துக்கு மீண்டும் போவதா? கையில் இருக்கும் பணம் ஒரு பயணத்துக்குத்தான் போதும். இந்தக் கட்டுரையை அந்த வாக்குவாதத்தில் நான் எடுத்த பக்கத்தின் விளக்கம் என்றும் சொல்லலாம்.

லயத்தைத் தாண்டி

ரிங்லெட்டில் காலை ஏழு மணிக்கு மூன்று போர்வீல் வாகனங்கள் காத்திருந்தன. இரண்டு டாக்டர்கள், ஒரு பல் மருத்துவர், ஒரு மருந்தாளர், ஒரு மருத்துவ உதவியாளர், மாணவர்கள் பத்துப் பேர். இப்படிப்பட்ட கிராமங்களுக்கு நினைத்தபோது கிளம்பிப் போய்விட முடியாது. ஓராங் அஸ்லி மேம்பாட்டு இலாகாவான ஜாக்கோவாவிடம் அனுமதி பெற வேண்டும். மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கிராமத் தலைவர் தோக் பாத்தின் ‘வரலாம்’ என்று சொல்ல வேண்டும். எங்கள் குழுத் தலைவருக்கு இதற்கே இரண்டு மாதம் ஆனது.

தார்ச்சாலை தேயிலைத் தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் வரும். பிறகு செம்மண் சாலை. தோட்டத்துப் பழைய லயங்களைக் கடந்து போகும்போது எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. என் அம்மாவின் அம்மா இதே மலையில், வேறொரு தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலம் முதல் காடழித்தது, செடி நட்டது, கொழுந்து கிள்ளியது என்று இந்தச் சரிவுகளில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். இன்று கொழுந்தை வெட்டுவது பெரும்பாலும் இயந்திரம். அதைப் பிடித்திருப்பவர்கள் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். நம் குடும்பங்கள் பலவும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டன.

பாட்டி தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது துரையையும் கிராணியையும் அவ்வளவாகச் சொல்லமாட்டார். டிரெசரைப் பற்றித்தான் சொல்வார். டிரெசர் என்றால் தோட்ட மருந்தகத்தில் இருக்கும் மருத்துவ உதவியாளர். இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் நம் நாட்டில் தனிச் சட்டம் வந்தது என்றால், அவர்கள் எவ்வளவு பேர் இருந்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். “டாக்டரு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல்னா டிரெசர் வீட்டுக் கதவத்தான் தட்டணும்,” என்பார் பாட்டி. டிரெசர் கடிந்து பேசுவார், மருந்துத் தண்ணீரை எல்லாருக்கும் ஒரே போத்தலிலிருந்துதான் ஊற்றுவார் என்ற குறையும் உண்டு. ஆனால் எந்த வீட்டில் யாருக்கு இளைப்பு, யார் எட்டு மாதக் கர்ப்பிணி என்பது அவருக்குத் தெரியும். அவர் அங்கேயே குடியிருந்தார்.

தேயிலை ஓர் இடத்தில் சட்டென்று முடிந்துவிடுகிறது. கடைசி வரிசைக்கு அப்புறம் மூங்கில். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம், மழை பெய்து அரித்த பாதையில் குலுங்கிக்கொண்டு இறக்கம். இறங்க இறங்கக் குளிர் விட்டுவிடும். வழியில் இருமுறை கீழே இறங்கி வண்டியைத் தள்ளினோம். அட்டைகள் எங்களை நன்றாகக் கவனித்துக்கொண்டன. இதே தூரத்தைத்தான் அந்த ஊர்க்காரர்கள் பெத்தாய் மூட்டையைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறி வருகிறார்கள். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வரும் பழைய சாலையோரத்தில் பெத்தாயும் தேனும் விற்கும் சிறு கடைகளைப் பார்த்திருப்பீர்களே, அவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு பாதை இருக்கிறது.

பொது மண்டபத்தில் ஒரு நாள்

பொது மண்டபத்தில் மேசைகளைப் போட்டோம். பதிவு, எடை, ரத்த அழுத்தம், விரல் நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனை, டாக்டர், மருந்து என்று வரிசை. எனக்குப் பதிவு மேசை. மலாய் மொழி தெரியும், ஆகவே சமாளித்துவிடலாம் என்று எல்லாரும் எண்ணியிருந்தோம். இளையவர்களுக்கு மலாய் சரளம். வயதானவர்கள் பலருக்கு, உடம்பில் எங்கே எப்படி வலிக்கிறது என்று சொல்ல செமாய் மொழிதான் வேண்டும். செமாய் மலாய் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. கம்போடியாவின் கெமர் மொழிக்குத் தூரத்து உறவு. ‘குத்துகிறது’, ‘இழுக்கிறது’, ‘கடுக்கிறது’ என்று நாம் சொல்வதை வேற்று மொழியில் சொல்லிப் பாருங்கள், சிரமம் புரியும்.

எங்களைக் காப்பாற்றியது அந்த ஊர்ப் பெண் ஒருத்தி. என் வயதுதான் இருக்கும். ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு அங்குள்ள பாலர் பள்ளியில் உதவியாளராக இருக்கிறாள். முதலில் மொழிபெயர்க்கத்தான் உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் பதிவு மேசையே அவள் கைக்குப் போய்விட்டது. ஒரு சிறுவனின் வயது தெரியவில்லை என்றால், “என் தம்பிக்கு ஒரு மாதம் மூத்தவன், காக்,” என்பாள். கணக்குப் போட்டு நான் எழுதிக்கொள்வேன். யார் வரவில்லை, ஏன் வரவில்லை, யார் பிரம்பு வெட்டக் காட்டுக்குள் போயிருக்கிறார், எந்தக் கைக்குழந்தைக்கு எந்த ஊசி விடுபட்டது எல்லாம் அவள் மனத்தில் இருந்தது. எங்கள் படிவத்தில் அதற்கெல்லாம் இடமே இல்லை. பின்பக்கத்தில் எழுதினோம்.

மாலைக்குள் எண்பதுக்கு மேற்பட்டோர் வந்து போனார்கள். பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்க்கக்கூடியவைதான்: சளி, முதுகுவலி, பல் சொத்தை, சொறிசிரங்கு, இரத்தச்சோகை. (மிட்டாய்ப் பொட்டலங்கள் வாங்கிப் போகலாமா என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் கேட்டபோதே பல் மருத்துவர் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முகாம்களுக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

சொறிசிரங்கையே எடுத்துக்கொள்வோம். சாதாரண நோய்தான். கழுத்திலிருந்து கால்வரை களிம்பு பூசி, இரவு முழுவதும் விட்டு, காலையில் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். ஆனால் ஒருவருக்கு மட்டும் பூசினால் பயன் இல்லை. வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும், பாய் போர்வைகளையும் அன்றே துவைத்துக் காயவைக்க வேண்டும். களிம்பை நாங்கள் கொடுத்தோம். அந்த ஒரு வாரம் கழித்து என்பது எங்கள் கையில் இல்லை.

பிறகு அந்தப் பாட்டி. ரத்த அழுத்தக் கருவி 190-க்கு 110 என்று காட்டியது. கருவி கோளாறோ என்று கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தோம். அதே அளவு. டாக்டர் விசாரித்ததில், முன்பே மாத்திரை சாப்பிட்டவர்தான் என்று தெரிந்தது. தீர்ந்துவிட்டது, மேலே போய் வாங்கி வர யாரும் இல்லை, அத்தோடு விட்டுவிட்டார். வண்டி பிடித்துப் போய்வரும் செலவு, இலவசமாகக் கிடைக்கும் அந்த மாத்திரையைப் போல் பல மடங்கு. டாக்டர் ஒரு மாதத்துக்கு அம்லோடிபின் எழுதினார். கூடவே மாவட்டச் சுகாதாரக் குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதினார். பாட்டி எழுந்து போன பிறகு என் பக்கம் திரும்பி, “மாத்திரை கொடுக்கிறது லேசும்மா. அது முடியிற நாளு நாம எங்க இருப்போம்?” என்றார்.

‘போஸ்’ என்ற பெயர் வந்த கதை

இந்த ஊர்ப் பெயர்களின் முன்னால் நிற்கும் ‘போஸ்’ ஏன் என்று தேடிப் பார்த்தபோது, டாக்டர் கேட்ட அதே கேள்வி எழுபது வருடங்களுக்கு முன்பே எழுந்திருக்கிறது என்று தெரிந்தது.

1948 முதல் 1960 வரை நம் நாட்டில் அவசரகாலம். கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் காட்டுக்குள் இருந்தார்கள். காட்டுக்குள் வாழ்ந்த ஓராங் அஸ்லி மக்கள் அவர்களுக்கு உணவும் தகவலும் கொடுப்பார்கள் என்று எண்ணிய பிரிட்டிஷ் அரசாங்கம், மக்களைக் கூட்டங்கூட்டமாக வெளியே கொண்டுவந்து வேலியிட்ட முகாம்களில் அடைத்தது. பழக்கமில்லாத வெப்பம், பழக்கமில்லாத உணவு, நெருக்கத்தில் பரவும் நோய். நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள். அந்தத் திட்டம் தோற்றதும், மக்களை வெளியே கொண்டுவருவதற்குப் பதிலாக அரசாங்கம் உள்ளே போனது. காட்டுக்குள் கோட்டைகள் கட்டப்பட்டன. போர்ட் புரூக், போர்ட் தெலானோக் போன்றவை அவை. அங்கே படைவீரர்கள் இருந்தார்கள், ஒரு கடை இருந்தது, மருந்துப் பெட்டியோடு ஓர் ஆளும் இருந்தார். அந்தப் ‘போர்ட்’தான் பிற்காலத்தில் ‘போஸ்’ ஆனது. ஆக, மருந்து முதன்முதலில் இந்தக் காட்டுக்குள் போனதற்குக் கருணை மட்டும் காரணம் அல்ல. போரும் ஒரு காரணம். மருத்துவ முகாம் படங்களை நாம் பெருமையோடு பகிரும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தக் காலத்திலிருந்து வந்த நல்லது ஒன்றும் உண்டு. 1950-களின் பிற்பகுதியில், கோலாலம்பூருக்கு வெளியே கோம்பாக்கில் ஓராங் அஸ்லி மக்களுக்கென்று ஒரு மருத்துவமனை உருவானது. அதை நடத்தியவர் மால்கம் போல்டன் என்ற டாக்டர். ஊரை விட்டுப் பிரித்தால் இம்மக்கள் மருத்துவமனைக்கு வரவேமாட்டார்கள் என்பதை அவர் புரிந்துகொண்டார். எனவே நோயாளியோடு குடும்பமே வந்து தங்கலாம், தாங்களே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார். காட்டுக்குள் இருந்த மருந்து நிலையங்களோடு வானொலியில் பேசிக்கொள்வார்கள். மோசமான நோயாளி இருந்தால் ஹெலிகாப்டர் போகும். இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த மருந்து நிலையங்களில் பணியாற்ற ஓராங் அஸ்லி இளைஞர்களையே பயிற்றுவித்தார்கள் என்பது. எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர்களுக்கும் ஊசி போடவும், நுண்ணோக்கியில் மலேரியாக் கிருமியைப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். 1960-களில் அந்தச் சேவையின் ஊழியர்களில் பெரும்பகுதியினர் அவர்களே. போல்டன் 1968-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார்.

இன்று அந்த மருத்துவமனையும் சேவையும் சுகாதார அமைச்சின் கீழ் இருக்கின்றன. நடமாடும் குழுக்கள் கிராமங்களுக்குப் போய்வருகின்றன. எங்கள் கிராமத்துக்கும் வருகின்றன. ஆனால் ‘போய்வருவது’ வேறு, ‘இருப்பது’ வேறு. ஓராங் அஸ்லி மக்களின் உடல்நலம் பற்றிப் பல ஆண்டுகள் எழுதிவரும் கொலின் நிக்கோலஸ், அடேலா பேர் இருவரும், அந்த மக்களே தங்கள் மருத்துவத்தை நடத்திய நிலை போனதைப் பெரிய இழப்பாகப் பார்க்கிறார்கள். பாட்டி சொன்ன டிரெசரை அறிந்த எனக்கு அது புரிகிறது. தோட்டத்தில் நமக்கு ஒருவர் இருந்தார், பக்கத்துக் காட்டில் அவர்களுக்கும் ஒருவர் இருந்தார். நம்மில் பெரும்பாலோர் பட்டணத்துக்கு இறங்கிக் கிளினிக்கின் பக்கத்தில் குடியேறிவிட்டோம். அவர்கள் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள்.

ஒரு மாத்திரையின் ஆயுள்

முகாமில் எல்லாக் குழந்தைகளுக்கும் பூச்சி மாத்திரை கொடுத்தோம். அல்பெண்டசோல், 400 மில்லிகிராம், மென்று விழுங்க வேண்டியது. பாட்டி காலத்தில் விளக்கெண்ணெய் கொடுத்து முகத்தைச் சுளிக்கவைப்பார்களாம். இது ஆரஞ்சுச் சுவை. குழந்தைகள் இன்னொன்று கேட்டார்கள். முகாம் அறிக்கையில் இதுதான் மிகப் பெரிய எண்ணாக வரும், ஏனென்றால் எளிதாகக் கொடுக்கலாம், எளிதாக எண்ணலாம்.

இங்கே என் பாடத்தைக் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதே பகாங்கில், கோலலிப்பிஸ் பக்கம் போஸ் பெத்தாவில் ஓராங் அஸ்லி பள்ளி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்து 2008-இல் வெளியானது. அவர்களுக்கு ஒருவேளை அல்ல, மூன்று நாள் தொடர்ந்து அல்பெண்டசோல் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் புழு திரும்பி வந்திருந்தது. ஆறு மாதத்தில் ஐந்தில் நால்வருக்கு. மருந்து பொய்யில்லை. மண்தான் அப்படியே இருந்தது. சாட்டைப்புழுவின் முட்டை ஈரமண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்து பக்குவமாகிறது, பிறகு மண் ஒட்டிய கைவழியே வாய்க்குப் போகிறது. கொக்கிப்புழுவுக்கு வாய்கூட வேண்டாம். வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும். விரல் நுனியில் நாங்கள் பார்த்த இரத்தச்சோகைக்கு அது ஒரு காரணம். நாடு முழுவதும் பள்ளிகளில் பூச்சி மருந்து கொடுக்கும் திட்டம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. நோய் பொதுவாகக் குறைந்துவிட்டதென்று 1983-இல் அது நிறுத்தப்பட்டது. பொதுவாகக் குறைந்தது உண்மைதான். இப்படிப்பட்ட கிராமங்களில் குறையவில்லை.

ஆக, கழிப்பறை, காலணி, சுத்தமான தண்ணீர் இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் அதன் ஆயுள் ஆறு மாதம்கூட இல்லை. அந்த ஊரில் மேலே ஓர் ஓடையிலிருந்து குழாய்வழி தண்ணீர் வருகிறது. மழை பெய்தால் கலங்கிவிடும். மற்ற ஆறுகளின் நிலை இன்னும் மோசம். மேட்டில் காய்கறித் தோட்டங்களுக்காகச் சரிவுகளை வெட்டுகிறார்கள். அந்த மண் கீழே வருகிறது. ரிங்லெட் நீர்த்தேக்கம் சேற்றால் நிரம்பிவருவது எல்லாரும் அறிந்த விஷயம். நாம் மலிவாக வாங்கும் கோபிசுக்கும் அந்தக் கலங்கல் தண்ணீருக்கும் தொடர்பு உண்டு என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம்.

காய்ச்சல் என்றால்

மதியத்துக்கு மேல் ஒரு சிறுவனைத் தூக்கி வந்தார்கள். நான்கு வயதிருக்கும். மூன்று நாளாகக் காய்ச்சல், மூச்சு வேகமாக வாங்கியது. டாக்டர் இருவரும் ஒரு நிமிடம் பேசிக்கொண்டார்கள். பிறகு ஒரு வண்டியைக் காலி செய்யச் சொன்னார்கள்.

காட்டோரக் கிராமத்தில் காய்ச்சல் என்றால் பாரசிட்டமால் கொடுத்து அனுப்ப முடியாது. அதற்கு நம் பகாங்கிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. குரங்குகளுக்கு வரும் ஒருவகை மலேரியாக் கிருமியை 1932-இல் கல்கத்தாவில் ராபர்ட் நோல்ஸும் தாஸ் குப்தாவும் ஆராய்ந்து, அது ஊசிவழி மனிதனுக்கும் தொற்றும் என்று காட்டினார்கள். நோல்ஸின் பெயரையே வைத்து அதைப் பிளாஸ்மோடியம் நோலேசி என்கிறோம். ஆனால் கொசு கடித்து இயற்கையாக மனிதனுக்கு வருமா என்பது தெரியாமலே இருந்தது. 1965-இல் பகாங் காட்டில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய ஓர் அமெரிக்க நில அளவையாளரின் ரத்தத்தில் அது இருந்தது. உலகிலேயே உறுதி செய்யப்பட்ட முதல் இயற்கைத் தொற்று அது. பிறகு பல வருடங்கள் அதை ஓர் அபூர்வமாகவே நினைத்தார்கள். 2004-இல் சரவாக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர், காப்பிட் வட்டாரத்தில் பலருக்கு இந்நோய் இருப்பதையும், நுண்ணோக்கியில் வேறு வகை மலேரியா போலவே தோன்றுவதால் அது தவறாகக் குறிக்கப்பட்டு வந்ததையும் கண்டுபிடித்தார்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இக்கிருமி பெருகும். அதனால்தான் ஆபத்து. 2018 முதல் நம் நாட்டில் மனித மலேரியா உள்நாட்டில் பரவவில்லை. ஆனால் இந்தக் குரங்கு மலேரியா ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு வருகிறது. விரைவுச் சோதனைப் பட்டைகள் அதை நம்பகமாகக் காட்டுவதில்லை. ரத்தத்தை ஆய்வகத்தில் பார்த்தாக வேண்டும்.

சிறுவனோடு அம்மா ஏறினார். அம்மாவின் அம்மாவும் ஏறினார். பிறகு ஒரு சித்தியும் ஏறினார். இடம் போதாது என்று யாரோ சொல்ல ஆரம்பித்தபோது மூத்த டாக்டர், “விடுங்க, எல்லாரும் போகட்டும். நாம ரெண்டு பேரு வண்டி மாறிக்கலாம்,” என்றார். கோம்பாக்கின் கதையைப் பிறகு படித்தபோது எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வந்தது. தானா ராத்தா மருத்துவமனையில் ரத்தம் பார்த்தார்கள். மலேரியா இல்லை. நுரையீரலில் தொற்று. மருந்து ஏறியதும் தேறிவிட்டான். அன்று நாங்கள் கொண்டுபோன பொருள்களில் மிகவும் பயன்பட்டது அந்த வண்டிதான். அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்திருந்தால் அங்கே வண்டி இருந்திருக்காது.

இது நடக்காத விஷயம் அல்ல. 2019-இல் கிளந்தான், குவா மூசாங் பக்கம் கோலா கோ கிராமத்தில் பாத்தேக் மக்கள் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. விஷமா, தண்ணீரா என்று தொடக்கத்தில் பேசினார்கள். தட்டம்மை என்று பிறகு தெரிந்தது. தடுப்பூசி உள்ள நோய். குழு போகும் நாளில் மக்கள் காட்டுக்குள் இருந்தால் ஊசி விடுபட்டுவிடும். யாருக்கு விடுபட்டது என்று சொல்ல ஊருக்குள் ஒருவர் வேண்டும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம்.

இனி எங்கே?

மீண்டும் எங்கள் வாக்குவாதத்துக்கு வருகிறேன். புதிய கிராமம் வேண்டும் என்றவர்களின் வாதம் லேசானது அல்ல. “இந்தக் கிராமத்துக்காவது அரசாங்கக் குழு வருது. இதைவிட உள்ள இருக்கிற ஊர்கள யாரு பாக்கிறது?” என்று கேட்டார் குழுத் தலைவர். நியாயமான கேள்வி. ஐந்து கிராமம், ஐந்நூறு பேர் என்று அறிக்கையில் எழுதினால் நன்கொடை கிடைப்பதும் எளிது. ஒரே கிராமத்துக்கு ஐந்து முறை போனோம் என்றால் ‘அப்படியென்றால் முதல் நான்கு முறை என்ன செய்தீர்கள்’ என்று கேட்பார்கள். வேறொரு நண்பர், நாம் போகவே வேண்டாம், அந்தப் பணத்தை ஊர்க்காரர்களிடம் பெட்ரோலுக்குக் கொடுத்துவிடலாம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதுவே சிறந்த யோசனையாக இருக்கலாம்.

நான் சொன்னது இதுதான். சிரங்குக் களிம்புக்கு ஒரு வாரம். ரத்த அழுத்த மாத்திரைக்கு ஒரு மாதம். பூச்சி மாத்திரைக்கு ஆறு மாதம். நாம் கொடுத்த ஒவ்வொன்றும் இன்னொரு நாளைக் கேட்கிறது. அந்த நாளில் அங்கே யாரும் இல்லையென்றால் நாம் செய்தது சுற்றுலா. 2019 இடைத்தேர்தலில் கேமரன் மலைத் தொகுதி ரம்லி முகமட் நோர் என்ற செமாய் இனத்தவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மக்களவையில் அமர்ந்த முதல் ஓராங் அஸ்லி அவர். அதற்கு முன் நம்மவர்கள் வென்ற தொகுதி அது. தங்கள் தேவையை அவர்களால் சொல்ல முடியாது, நாம்தான் போய்ச் சொல்ல வேண்டும் என்பதில்லை. அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குத் தெரியாதது ரத்த அழுத்தம் பார்ப்பதும், குழந்தையின் மூச்சை எண்ணுவதும்தான். இரண்டையும் ஒரு நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். எனக்கே முதல் வருடத்தில் ஒரே காலையில்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

வாக்கெடுப்பில் ஒன்பதுக்கு ஏழு. அதே கிராமத்துக்குத்தான் போகிறோம். பதினைந்து பேர் அல்ல, ஆறு பேர். நடமாடும் குழு வரும் மாதத்தைக் கேட்டுக்கொண்டு, அதற்கு இடைப்பட்ட மாதத்தில் போவதாகத் திட்டம். மிச்சமாகும் வண்டிக் காசில் ஒரு ரத்த அழுத்தக் கருவியும் குழந்தைகளுக்குக் காலணியும். மீதிப் பணம் அவசரத்துக்கு வண்டி பிடிக்கும் செலவாகத் தோக் பாத்தினிடம் இருக்கும். இதைச் சேர்க்கச் சொன்னவர் அந்தப் பெட்ரோல் நண்பர்தான். குழுத் தலைவர் இன்னும் முழு மனத்தோடு இல்லை. உள்ளே இருக்கும் ஊர்களைப் பற்றிய அவர் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு ரிங்லெட் வரை வந்தால்தான் லைன் கிடைக்கும். நேற்று முன்தினம் வந்திருக்கிறாள். மலாயில் அனுப்பிய செய்தி இது: “காக், நெனெக்கிடம் பதினொரு மாத்திரை மீதி இருக்கிறது. மாமா வெள்ளிக்கிழமை பெத்தாய் விற்க மேலே வருகிறார், கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன். பையன் ஓடுகிறான். காலணி அளவு நாற்பத்தாறு எழுதியிருக்கிறேன். இருவர் காட்டில், அப்புறம் சொல்கிறேன்.”